மேற்கு ஓரத்துப் பங்கு

தேயிலை விலை விழுந்த அந்த வருஷங்களில் குன்னூர்ப் பக்கம் பலர் ஒரே தவறைச் செய்தார்கள். பச்சை இலை போணியாகாதபோது, தோட்டத்து ஓரம் காற்றைத் தடுத்து நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றார்கள். ஆறுச்சாமியும் மர வியாபாரியை வரச் சொல்லிவிட்டு, சம்மதம் கேட்க அக்கா வீட்டுக்கு வந்தான். அப்பா விட்டுப்போன தோட்டம் இருவருக்கும் பொது.

அக்கா அம்சவேணி உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அன்றைய வகுப்புக்காக அகன்ற தட்டத்தில் தண்ணீர் வைத்திருந்தாள். அதன் பாதிப் பரப்பில், மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் ஏடாக மிதந்தது.

“ஏனுங்க்கா, தலைக்கு வெக்கற எண்ணெயத் தட்டத்துல கொட்டி வெச்சிருக்கறீங்க?”

“அண்டார்டிகாவுல பனித்தட்டு இப்படித்தான் கடல்மேல நீட்டிக்கிட்டு மிதக்குது. பாரு.”

கரண்டியால் தண்ணீரைத் தட்டினாள். ஏடு லேசாக வளைந்து, ஓரம் துண்டாகப் பெயர்ந்தது. பெயர்ந்த துணுக்குகளை முன்னால் பரப்பிவிட்டு மறுபடி தட்டினாள். அலை துணுக்குகளுக்குள் தளர்ந்து, ஏட்டைத் தொடும்போது வெறும் நடுக்கமாகியிருந்தது.

“எங்கியோ அடிச்ச புயலோட அலை அங்க வந்து தட்டை வளைக்கும். முன்னால மிதக்கற கடல்பனி அதைத் தாங்கிக்கும். அது போச்சுன்னா, சூட்டுல ஏற்கெனவே விரிசல் விட்ட தட்டு மேல அலை நேரா மோதும்.”

“நாம என்னங்க்கா, தோட்டத்துல பென்குயினா வளத்தறோம்?”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒன்று இன்னொன்றைப் போலிருப்பது மட்டுமே நிரூபணமாகாது என்று வகுப்பில் சொல்கிறவள் அவள். ஆனால் மரம் வெட்டிய பக்கத்துத் தோட்டம் ஆடிக் காற்றில் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே போனதை இருவரும்தான் பார்த்திருந்தார்கள்.

“வெட்ட விடமாட்டேன்.”

“அப்பப் பாகம் பிரிச்சுக்கலாங்க்கா.” மிரட்டினால் இறங்கி வருவாள் என்று நினைத்தான்.

“பிரிச்சுக்கலாம். மேக்கால ஓரம் எனக்கு.”

சில்வர் ஓக் வரிசை நின்ற, கல்லும் காற்றுமான பகுதி அது. அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

“நல்ல செடியெல்லாம் என் பக்கம் வருது. ஊரே சிரிக்குங்க்கா.”

“சிரிக்கட்டும்.”

வியாபாரி வந்தபோது அவள் மரத்தடியில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர் ஆட்களோடு திரும்பிப் போனார்.

அடுத்த ஆடியில், மரங்களுக்கு வெளியே, காற்று வரும் பக்கம் இருந்த அவளுடைய செடிகள் கருகின. மரங்களுக்குப் பின்னால் ஆறுச்சாமியின் தோட்டம் பச்சையாகவே நின்றது. அம்சவேணி கருகிய செடிகளைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழிகளில் சில்வர் ஓக் கன்றுகளை நட்டாள்.