ஆடி அமாவாசையில் வேலை கேட்டுப் போனவள்

உண்ணாமலைக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதிகம் சொல்வது அவளுடைய அண்ணன் நெடுஞ்செழியன்தான். தங்கைக்கு நேரம் நன்றாக இருந்தது, வேலை தானாக வீடு தேடி வந்தது என்று ஆரணி டீக்கடை பூராவும் பேசிவிட்டான். தானாக வந்ததா? ஆறு வருஷம் அவள் உட்கார்ந்திருந்தது என் கடையில். பார்த்தவள் நான். நான் சொல்கிறேன்.

என் பெயர் புஷ்பலதா. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளக்ஸ் பேனரும் நோட்டீஸும் அடித்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். உண்ணாமலை எம்.ஏ. தமிழ் படித்தவள். கண்ணீர் அஞ்சலியோ, காதணி விழாவோ, மஞ்சள் நீராட்டோ, வாசகம் அவள் எழுதுவாள். சம்பளத்துக்கு வா என்று நான் கூப்பிட்டும் வரவில்லை. எழுத்தை வைத்தே பிழைக்க வேண்டும், ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

வேலை கேட்பதிலும் அவள் போக்கே தனி. எங்கள் தெருவில் பல் ஆஸ்பத்திரி திறந்தபோது, திறப்பு விழா அன்றே போய்க் கேள் என்று விரட்டினேன். அசையவில்லை. நான்காம் நாள் மத்தியானம் எழுந்து போனாள். மாலை மரியாதையெல்லாம் முடிந்து, டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு கலங்கிப்போய் உட்கார்ந்திருந்த நேரம் அது. அவருடைய போர்டு, நோட்டீஸ், பேஸ்புக் பதிவு எல்லாம் இன்றுவரை இவள் எழுத்துதான். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மனசில் பட்டது என்பாள். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

பேனர் வாசகத்தில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? போன வருஷம் ஆனி மாதம் நெடுஞ்செழியன் கெடு வைத்தான். ஆடி முடிவதற்குள் நிலையாக எழுதுகிற வேலை ஒன்று கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவணி முதல் தேதி ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் விடியுமுன் ஏறி இருட்டியபின் இறங்குகிறவள் எப்போது எழுதுவாள்? அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அவள் மனசில் வைத்திருந்தது முள்ளிப்பட்டு இராஜமாணிக்கத்தை. நாற்பது வீட்டுத் தறிகளுக்குப் பட்டு கொடுத்து, புடவையாக நெய்து வாங்குகிறவர். போனில் படம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார். போனதில் பாதி திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்பக்கம் முடிச்சு இருக்கிறது, கரை சேருமிடம் விரலில் தட்டுகிறது, டேமேஜ் புடவையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படத்துக்குக் கீழே ஒரே திட்டு. கையால் நெய்தால் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். வாங்குகிறவருக்கு அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. உண்ணாமலை மாதக்கணக்காக அந்தத் திட்டுகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

போய்க் கேட்க வேண்டியதுதானே? ஆடி அமாவாசை வரட்டும் என்றாள். ஆடி மாதத்தில் எவளாவது புதுசாக ஒன்றைத் தொடங்குவாளா என்று சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். அமாவாசைக்குத் தறி ஓடாது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் பட்டு வாங்கவும் ஆள் வராது. வருஷத்தில் அந்த மனுஷர் காது கொடுத்துக் கேட்கிற நாள் அது ஒன்றுதான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கும் சேர்த்து கோபம் வந்தது.

அன்றைக்கு என் ஸ்கூட்டரில்தான் போனோம். பத்துப் புடவைக்குப் பத்து சீட்டு எழுதி, என் கடையிலேயே அச்சடித்து எடுத்துக்கொண்டாள். அதற்கு முந்தைய அமாவாசைகளில் தறிக்காரி சின்னபொண்ணு வீட்டில் போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதியது. இராஜமாணிக்கம் படையல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருந்தார். ஒரு பக்கம் அவர் மருமகள் நிலா, புடவைகளைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். வா என்று உட்காரவைத்தார். சீட்டை வாங்கிச் சத்தமாகவே படித்தார்.

‘இந்தப் புடவையைச் சின்னபொண்ணு பதினான்கு நாள் நெய்தார். உள்பக்கம் உங்கள் விரலில் படும் முடிச்சு, அறுந்த இழையை அவர் கையால் சேர்த்த இடம்.’

அவர் முகம் மாறிவிட்டது.

"சின்னபொண்ணு பேர எதுக்கும்மா எழுதினு வந்த?"

"நெய்யறது அவங்கதானங்க."

"நெய்யறவ பேர ஊருக்கெல்லாம் சொன்னா, நாளைக்கே ஒருத்தன் கூட முன்பணம் குடுத்து அவள இஸ்துகினு பூடுவான். என் தறி நின்னுடும். உனக்கின்னா போச்சு?"

எங்கள் பக்கத்தில் பெட்டியின்மேல் முதலாளி பெயர்தான் இருக்கும். தறிக்காரி பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? பெயரை எடுத்துவிடுகிறோம் ஐயா என்று நான் கெஞ்சினேன். இவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் சீட்டுகளைத் தரையில் விட்டெறிந்தார். அவற்றைப் பொறுக்கக் குனிந்த என் கையைப் பிடித்து உண்ணாமலை வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

வழியெல்லாம் திட்டினேன். நாளைக்கே போய் மன்னிப்புக் கேள், பெயரை அடித்துவிட்டு வேலையை வாங்கு என்றேன். அப்போதும் அதே பேச்சு.

"கொஞ்சம் பொறுக்கா. மனசுல ஒண்ணு படுது."

எனக்கு அவளை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.

பொறுத்தோம். ஆடி முடிந்தது. முள்ளிப்பட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஆவணி ஒன்றாம் தேதி அவள் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். நெடுஞ்செழியன் வந்து நின்று வழியனுப்பினான். ஏதோ கலெக்டர் வேலைக்கு அனுப்புகிற மாதிரி சிரிப்பு வேறு. அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். அஞ்சலி வாசகம் எழுத ஆள் இல்லை. எனக்கு எழுதவும் வரவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. லீவு என்பதால் உண்ணாமலை கடையில் இருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. இராஜமாணிக்கம் வந்து இறங்கினார், பின்னாலேயே நிலா. அவர் உட்காரவில்லை. முகூர்த்தத்துக்கு அனுப்பிய புடவைகள் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டிருக்கின்றன, பத்துப் பெட்டி மட்டும் திரும்பவில்லை, அதில் இரண்டு பேர் சின்னபொண்ணு நெய்ததே இன்னொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் என்றார். அன்றைக்குத் தரையில் கிடந்த சீட்டுகளை எடுத்து, சின்னபொண்ணு நெய்த புடவைகளின் பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு அனுப்பியது நிலா. மாமனாரிடம் மூச்சு விடவில்லை.

நான் உண்ணாமலையைப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு கத்திகினே வுட்டெறிஞ்ச சீட்ட, இவங்க டேப்பக் கீழ வச்சிட்டுப் படிச்சிகினு இருந்தாங்கக்கா. அதான் உன்னப் பொறுக்க வுடாம இஸ்துகினு வந்தேன்."

மனசில் பட்டது என்று அவள் சொல்வது இதைத்தான். எல்லாரும் கத்துகிறவரைப் பார்க்கும்போது இவள் படிக்கிறவளைப் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் நான் இத்தனை நாள் வயிறெரிந்திருக்க மாட்டேனே.

எல்லாப் புடவைக்கும் எழுது, ஆனால் பெயர் வேண்டாம் என்றார் அவர். பெயர் இல்லாமல் எழுத மாட்டேன் என்றாள். மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற வேண்டியவள் பேசுகிற பேச்சா அது? அவர் வெளியே போய் நின்றார். நிலா பின்னால் போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்தவர் என் மேஜையைப் பார்த்துத்தான் பேசினார்.

"பேரு இருக்கட்டும். வூடு எங்கனு மட்டும் எழுதாத."

அதன்பிறகு அவள் பஸ் ஏறவில்லை. மாசாமாசம் தறி தறியாகப் போய் உட்கார்ந்து எழுதுகிறாள். இன்னும் இரண்டு முதலாளிகள் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைத்தான் நெடுஞ்செழியன் நேரம் என்கிறான்.

போன வாரம் புதுச் சீட்டை அச்சுக்கு எடுக்கும்போதுதான் கவனித்தேன். மேலே முதலாளி பெயர். நடுவில் தறிக்காரி பெயர். ஒரு வருஷமாக நானே அடித்துத் தருகிறேன், எழுதியவள் பெயர் எந்த மூலையிலும் இல்லை. ஊரான் பெயருக்காகப் பிழைப்பையே பணயம் வைத்தவள், தன் பெயரைக் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அதற்கு இன்னும் நேரம் வரவில்லையாம்.

அவள் காத்திருக்கட்டும். அச்சடிக்கிறவள் நான். நாளைக்குப் போகிற ஐந்நூறு சீட்டிலும் கடைசி வரியை ஏற்றிவிட்டேன்: எழுதியவர் உண்ணாமலை. இராஜமாணிக்கம் கேட்டால் என்னிடம் வந்து கேட்கட்டும்.