சைவமே போதுமுங்க

“சாப்பாடு சைவமே போதுமுங்க” என்று மாப்பிள்ளைப் பையனின் அப்பா போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பையனுக்குக் குந்தாவில் பவர் ஹவுஸ் வேலை. நாங்கள் கோத்தகிரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஊட்டி இருப்பதால் அங்கே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நல்ல இடம். அதைவிட முக்கியம், போட்டோவைப் பார்த்துவிட்டு என் மகள் “ம்” என்று சொல்லியிருந்தாள். அதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் அந்த ஓர் எழுத்துகூடக் கிடைத்ததில்லை. என்னால் இது கெட்டுப்போய்விடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

சைவக் குடும்பம் என்பது அதற்குள் எனக்கு உறுதியாகிவிட்டது. என் மகளோ, கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் மட்டும் அவள் அம்மாவோடு சண்டை போடாதவள்.

“போற ஊட்டுல முட்டை உரிக்கக்கூட உடமாட்டாங்களே. இவ எப்படி இருப்பா?” என்றேன் மனைவியிடம்.

“ஏனுங்க, இன்னும் பொண்ணே பாக்கல. அதுக்குள்ள நீங்க முட்டை உரிக்கறீங்களே” என்றாள்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டால் நாங்களும் சைவம்தான் என்று சொல்லிவிடச் சொன்னேன். “கேக்கட்டும்ப்பா” என்றாள். அது சம்மதமா இல்லையா என்று ஊட்டி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மரியாதைக்குறைவாக இருக்கக் கூடாதென்று, வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிற பெரிய சைவ ஹோட்டலாகப் பார்த்து வைத்திருந்தேன். அவர்கள் மூவரும் எங்களுக்கு முன்னால் வந்து, வாசலில் தூறலில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போய் எதிரெதிராக உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் ஆளுக்கொரு பெரிய மெனு அட்டையைக் கொடுத்தார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அட்டையில் இடது பக்கம் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். வலது பக்கம் இருக்கிற விலை மட்டும் சரளமாக வரும். காலிஃபிளவரை எண்ணெயில் போட்டு எடுத்ததற்கு இருநூற்று நாற்பது ரூபாய். நான் காய்கறிக் கடைக்காரன். அந்தக் காசுக்கு ஒரு கூடை காலிஃபிளவர் கொடுத்து, பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தும் விடுவேன். இந்த மலையெல்லாம் விளைகிற கேரட்டும் பீன்ஸும் அந்த அட்டையில் எந்த மூலையிலும் இல்லை. சைவமென்றால் பன்னீர், காளான், காலிஃபிளவர், திரும்பவும் பன்னீர். கேரட்டுக்குத் தட்டின் ஓரத்தில் வட்டமாக அடுக்கிவைக்கப்படுகிற வேலை மட்டும்தான்.

விலை குறைந்ததைச் சொன்னால் கஞ்சன் என்பார்கள். கூடினதைச் சொன்னால் வசதியானவன் போலிருக்கிறது என்று நினைத்து, நாளைக்குச் சீர்வரிசைக் கணக்கை ஏற்றிவிட்டால்? அதனால் அவர்கள் வாயாலேயே வரட்டும் என்று விட்டேன்.

“நீங்க சொல்லுங்க” என்றேன்.

“அட, நீங்க சொல்லுங்க” என்றார் பையனின் அப்பா.

பரிமாறுகிறவர் கால் மாற்றி நின்றார்.

“எனக்கு ஒரு தயிர் சாதம் போதுமுங்க” என்றார் கடைசியில் பையனின் அப்பாவே. அட்டையில் அதுதான் எல்லாவற்றையும்விட விலை குறைவு. அவர் அதைச் சொன்ன பிறகு நான் வேறெதைச் சொல்ல? எனக்கும் தயிர் சாதம் என்றேன். பையன் தயிர் சாதம் என்றான். என் மனைவி என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் தயிர் சாதம் என்றாள். வெளியே மூடுபனி கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. நான் குல்லாவைக்கூடக் கழற்றவில்லை. பையனின் அம்மா சால்வைக்குள்ளிருந்து இரண்டு தும்மல் போட்டுவிட்டு, “எனக்கும் அதே” என்றார்.

மிச்சம் என் மகள்.

“அண்ணா, எனக்கு ஒரு காளான் பிரியாணி. நல்லா சூடா” என்றாள்.

அட்டையில் அதன் விலையைத் தேடுவதா, பையனின் அம்மா முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் உப்புக் குப்பியைப் பார்த்தேன்.

“பிரியாணியா?” என்றார் அந்த அம்மா. “கறி இல்லாத பிரியாணி எப்படிம்மா எறங்கும்?”

என் மகள் மெதுவாகக் கேட்டாள்: “நீங்க கறி சாப்பிடுவீங்களாங்க அத்தை? நீங்க சைவம்னு அப்பா எங்க ஊட்டுல நாலு நாளா முட்டைகூட வாங்கல.”

அந்த அம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? வாரத்துல ரெண்டு நாள் கறி எடுக்கற ஊட்டை நீங்க எப்ப சைவமாக்கினீங்க?”

மனிதர் தலையைச் சொறிந்தார். “பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு சொன்னனுங்க. சைவம்னா கம்மியா வரும்னு நெனச்சேன்.” அட்டையை எட்டப் பிடித்து மறுபடியும் பார்த்தார். “இங்க காலிஃபிளவருக்கும் கொம்பு மொளைச்சு ஆடாயிருச்சுங்க.”

முதலில் என் மனைவிதான் சிரித்தாள். பிறகு பரிமாறுகிறவரே சிரித்துவிட்டார். தயிர் சாதத்தையெல்லாம் ரத்து செய்து, ஆறு பிரியாணி சொன்னோம். சூடாக உள்ளே போனதும் அந்த அம்மாவின் தும்மல் நின்றது. என் மகளுக்குத் தன் தட்டிலிருந்து நாலு காளான் துண்டை எடுத்துவைத்தார். அது எதற்கான அறிகுறி என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்க ஊட்டுக்கு வாங்க. நல்ல சோறா ஆக்கிப் போடறேன்.”

“அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?” என்றேன்.

மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்த மிதியில் உயிர் போயிற்று. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அந்த அம்மா சம்மதம் சொல்லியிருக்கிறார், நான் வேண்டாம் என்றிருக்கிறேன்.

“அவரு கெடக்கறாருங்க. நாங்க வர்றோம்” என்றாள் மனைவி.

அதுவரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்த பையன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என் மகளிடம் கேட்டான்: “கோழியா, ஆடாங்க?”

“ரெண்டும்” என்றாள்.

முதல் விருந்திலேயே இப்படியா கேட்பாள் என்று எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது.