திரையை முகர்ந்தவர்

காரைக்காலில் நான் இணையக் கடைகளுக்குப் படங்கள் தயாரித்துக் கொடுத்த நாட்களில், பட்டினச்சேரியிலிருந்து கருவாடு விற்கும் அக்கா ஒருவர் வருவார். நெற்றி நிறையக் குங்குமம். எதைக் கையில் எடுத்தாலும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். என் விசிட்டிங் கார்டைக்கூட.

அவருடைய நெத்திலிக் கருவாட்டுப் படம் அன்றைய மெதுவான இணையத்தில் சீக்கிரம் திறக்கட்டுமென்று, நிறங்களைக் குறைத்துச் சிறிய ஜிஃப் கோப்பாகச் சேமித்தேன். படம் புள்ளி புள்ளியாகிவிட்டது. அக்கா திரையருகே மூக்கைக் கொண்டுபோனார்.

"பூசணம் புடிச்சிருக்கு தம்பி. இது நம்ம சரக்கு இல்ல."

மூலப் படத்தையே எடுத்து, தரம் குறைக்காமல் பெரிய ஜேபெக் கோப்பாகச் சேமித்தேன். நெத்திலி வெள்ளியாய் மின்னியது.

"இது தெறக்க நேரம் ஆவுங்கக்கா."

"காயவே மூணு நாளாவுது. பாக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டாங்களா?"

இப்போதும் எந்தக் கோப்பாகச் சேமிப்பது என்று தயங்கினால், என் மூக்கு தானாகத் திரையருகே போய்விடுகிறது.