சாமி என்று சொன்னேன்

என் மனைவி குடிக்கிறாள் என்று தெரிந்தும், அவளுக்குச் சாமி வருகிறது என்று ஊரை நம்பவைத்தேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். தெரியாமல் செய்ததாகச் சொல்ல வழியில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்த அடுத்த ஆண்டு அது தொடங்கியது. ஒரு முழம் பூ வைப்பவள் மூன்று முழம் வைத்தாள். விளக்கேற்றும் நேரத்தில் மறுபடியும் குளித்தாள். வாயில் எப்போதும் கிராம்பு. காலையில் பூத் தொடுக்க உட்கார்ந்தால் விரல்கள் நூலைத் தேடி அலையும். அவளுடைய எவர்சில்வர் டம்ளரை யாரும் தொடக்கூடாது. அந்த மாலைகள் இப்போதும் கனவுபோல மிதந்து வருகின்றன: ஏரிக்காற்று, மல்லிகை, கிராம்பு, அவற்றுக்கு அடியில் நான் பெயர் சொல்ல மறுத்த இன்னொரு வாசனை.

ஓர் ஆடி வெள்ளி. கூழ் வார்க்கும் இடத்தில் பம்பைச் சத்தம் கேட்டதும் அவள் தள்ளாடி ஆடினாள். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார், அக்கா மேல ஆத்தா எறங்கிக்கினு கீறாளா?"

"ஆமாம்" என்றேன்.

அதன்பிறகு வெள்ளிதோறும் பெண்கள் வந்து குறி கேட்டார்கள். அவள் கை நடுங்கினால் அருள் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் என் மானம் தப்பியது. மஞ்சள் பூசிய முகத்தில் கண்ணின் மஞ்சளை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பயந்துபோய், அடுத்த வெள்ளியன்று வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னேன்: "அது சாமி இல்ல. குடி. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"வாத்தியாருக்கு வெயில் ஏறிடுச்சிடி" என்று ஒருத்தி சிரித்தாள்.

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "ரெண்டு வருசமா என் கால்ல வுயுந்தாங்க. இனிமே மூஞ்சப் பார்ப்பாங்களா? சாமின்னு சொன்னதும் நீங்க, குடிகாரின்னு சொன்னதும் நீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மருத்துவமனைக்கு வந்தாள், குணமானாள். ஓராண்டு என்னிடம் பேசவில்லை. பெண்களும் வரவில்லை.

போன மாதம் ஒரு மாலை, மறுபடியும் கிராம்பு மணந்தது. கதவைச் சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக அவளிடமே கேட்டேன்.

"குடிச்சியா?"

டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "குடிச்சேன்."

"காலைல டாக்டர்கிட்ட போலாமா?"

"போலாம். ஆனா நீங்க வாயத் தொறக்கக்கூடாது. நானே சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். காலையில் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்று அவள் பூ வைத்துக்கொள்ளவில்லை.