இடது கன்னத்துக்கு இருபது கேபி

என் கல்யாணம் அந்த வெப்சைட் வழியாக நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணக் கதை என்று நினைத்து வாசிப்பவர்கள் பிற்பாடு என்னைத் திட்டக் கூடாது. அதில் என் போட்டோவை ஏற்றுவதற்குள் எங்கள் வீடு பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன எங்கள் சாதிக்காரர்கள் சிலர் சேர்ந்து, நம்ம ஆட்களுக்கென்று ஒரு வெப்சைட் ஆரம்பித்திருந்தார்கள். கோயில் நோம்பி, திருவிழாச் செய்தி, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரம், ஒரு மூலையில் வரன் பகுதி. வரனுக்கு ஆளுக்கு ஒரே ஒரு போட்டோ. அதன் அளவு இருபது கேபிக்கு, அதாவது இருபது கிலோபைட்டுக்கு மேல் போனால் ஏறாது, சிவப்பு எழுத்தில் துரத்திவிடும். இன்றைக்குப் போனில் ஒரு தோசையைப் படம் எடுத்தாலே அதைவிடப் பல மடங்கு ஆகிறது. அந்த இருபது கேபிக்குள்தான் நான் முழுசாக அடங்க வேண்டியிருந்தது.

எனக்கு இடது கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. நாலு வயதில் வெந்நீர்ப் போசி சாய்ந்து, கொதிநீர் மேலே கொட்டியதில் வந்தது. காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கழுத்து வரை இறங்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசாமலே ஓர் ஏற்பாடு இருந்தது. யாராவது கேமராவை எடுத்தால் அம்மா வந்து என் தோளைப் பிடித்து லேசாகத் திருப்பிவிடுவார். பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்து அத்தை மகள் கல்யாண ஆல்பம் வரைக்கும் எல்லாவற்றிலும் என் வலது கன்னம்தான் இருக்கிறது.

வரனுக்கு எடுத்த போட்டோவில் மட்டும் அப்பா விடவில்லை. அவர் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். நூலளவு பிசகினாலும் தானே போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வருகிற ஆள். "நேரா நில்லு கண்ணு. மறைச்சு ஒண்ணும் குடுக்க வேண்டாம்" என்றார். பட்டுச்சேலை கட்டி, பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நேராகவே நின்றேன். உச்சி முதல் பாதம் வரை முழுப்படம். எங்கள் பக்கத்தில் அது கட்டாயம். பாதம் தெரியாத பெண் போட்டோவை யாரும் நம்ப மாட்டார்கள்.

பிரிண்டில் தழும்பு தெரிந்தது. பிரவுசிங் சென்டர்காரர் அதை ஸ்கேன் செய்து, குறுக்கிக் குறுக்கி, ஒருவழியாக ஏற்றினார். பெருந்துறையிலிருந்து ஒரு குடும்பம் போன் செய்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாருதி வேனில் வந்து இறங்கியது. நல்ல மனிதர்கள்தான். பையனின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்தபடி பேச ஆரம்பித்தார். பேச்சு பாதியில் நின்றது. அவர் கண் என் கன்னத்தில் வந்து நின்றுவிட்டது.

"போட்டோவுல இது இல்லீங்களே அம்மணி" என்றார். குரல் உயரவில்லை. காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். "போயிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும்.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வரன் தட்டிப்போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. "நாம மறைச்சுப் போட்டோம்னு நெனச்சுட்டுப் போறாங்க" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பீரோவிலிருந்து பிரிண்டை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "இதா, தெரியுதுல்ல?" என்று என்னையே கேட்டார்.

மறுநாள் நானும் அவரும் பேக்கரி மாடிக்குப் போனோம். படம் திரையில் வந்ததும் விஷயம் புரிந்தது. சேலை தெரிந்தது, பூச்சாடி தெரிந்தது, பாதமும் தெரிந்தது. முகம் சுண்டைக்காய் அளவு. அதில் தழும்பு இருந்த இடம் மாவு பூசியதுபோல் மழமழவென்று இருந்தது.

"முழு ஆளையும் இருபது கேபிக்குள்ள அடைச்சா இப்படித்தானுங்ணா வரும்" என்றார் சென்டர்காரர். "முகத்த மட்டும் வெட்டிப் போட்டா எல்லாமே தெரியும். போட்டர்லாமுங்களா?"

அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கூறு இருக்குதுங்களா? முகத்த மட்டும் போட்டா புள்ளைக்குக் காலு ஊனம்னு சொல்லிப்போடுவாங்க!"

"அதையும் எழுதிப் போட்டரலாம். காலு ரெண்டும் நல்லாருக்குதுன்னு."

"எழுதுனீங்கன்னா முடிஞ்சுது. ஊனந்தான்னே முடிவு கட்டிருவாங்க."

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அம்மா சொன்னது உண்மை. எங்கள் ஆட்கள் அப்படித்தான் நினைப்பார்கள். மறுபடி பேக்கரி மாடிக்குப் போனபோது, சென்டர்காரர் முகத்தையும் முழு ஆளையும் ஒட்டி ஒரே படமாக்கிப் பார்த்தார். முகமாக இருந்த நானும் முழு ஆளாக நின்ற நானும் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல் ஆனோம்.

சாயங்காலம் சமையலறையில் அம்மா உண்மைக் காரணத்தைச் சொன்னார். "சின்னதாவே இருக்கட்டும் கண்ணு. ஊட்டுக்கு வந்து உன்ற பேச்சக் கேட்டா யாருக்கும் புடிச்சுப்போகும். மொதல்ல வரோணுமில்ல?"

கோபப்பட முடியவில்லை. அம்மா என்னை யாரும் படத்திலேயே ஒதுக்கிவிடக் கூடாது என்று பார்த்தார். எனக்கோ அந்தப் பெருந்துறை அம்மாவின் கண் வந்து நின்ற விதம் மறக்கவே இல்லை. அதில் வெறுப்பு இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்து ஒருவர் ஏமாந்துபோவதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "வேண்டாங்கறவங்க அங்கயே பாத்து வேண்டாம்னு போகட்டும்மா. முகந்தான் போடோணும்."

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, "காலப் பத்தி யாராச்சும் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ" என்றார்.

புதுசாக முகம் மட்டும் எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க பாப்பா" என்றார். நான் திரும்பவில்லை. அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விளக்கை நகர்த்திக்கொண்டார்.

ஏற்றுகிற அன்று காலை நாங்கள் கிளம்பும்போது, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றார். கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்தது அன்றுதான். அப்பா பின்னால் நின்றார். சென்டர்காரர் படத்தைக் குறுக்கி ஏற்றிவிட்டு, வெப்சைட்டில் என் பக்கத்தைத் திறந்தார். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் இறங்கும்.

முதலில் வகிடு வந்தது. பிறகு நெற்றி. "எங்கய்யன் நெத்தி அப்படியே" என்றார் அம்மா, தன் அப்பாவை நினைத்து. கண் வந்தது. அதற்குக் கீழே படம் நின்றுவிட்டது. லைன் மந்தம் என்றார் சென்டர்காரர். அம்மா கண்ணைத் திருப்பிக்கொள்வார், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கன்னம் இறங்கியது. தழும்பும் வந்தது. இந்த முறை அது மறையவில்லை. ஆனால் இருபது கேபிக்குள் இறுக்கியதில் கட்டம் கட்டமாக உடைந்து, சிமெண்ட் பெயர்ந்த சுவர்போலக் கிடந்தது.

அம்மா முகம் சிவந்தது. "இதென்ன தம்பி, இப்படி இருக்குது? இவ தழும்பு இப்படி இருக்காதுங்க."

"லிமிட்டுக்குள்ள கொண்டாரோணுமுங்கம்மா. அதான் லேசா ஒடையுது."

"லேசாவா? வருசக்கணக்கா தெனமும் எண்ணெ தேச்சுவுட்ட கை இது. எனக்குத் தெரியாதுங்களா?" அம்மா திரையில் விரலை வைத்தார். "இதா, காதுக்குக் கீழ இங்க ஆரம்பிக்கும். நெம்ப மெதுவா வளைஞ்சு எறங்கும். வெத்தல நரம்பாட்டம் இருக்கும். தொட்டா வழவழன்னு இருக்குமுங்க. பாக்கறவங்களுக்கு அது தெரிய வேண்டாங்களா?"

சென்டர்காரர் தலையைச் சொறிந்தார். எனக்கு ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தழும்பைப் பற்றி அம்மா வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அது அழகாக இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார் என நான் கனவிலும் எண்ணியதில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் தோன்றவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. விரலைத் திரையிலிருந்து எடுக்காமல், கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட முடியாதுங்களா தம்பி?"