மெஹர் பானுவின் இடது கண்

ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்குவாள். நூல் முனையை உதட்டில் ஒரு முறை ஈரப்படுத்துவாள். அடுத்த நொடி நூல் ஊசிக் காதைத் தாண்டியிருக்கும். நாற்பத்தொன்பது வயதில், கண்ணாடி போடாமல் செய்கிற காரியம். எதிரே இருப்பவர் பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொள்வாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறவள் மெஹர் பானு. டேப்பைக் கையில் எடுப்பது சம்பிரதாயத்துக்கு.

அவளிடம் வந்து டாக்டரிடம் கண்ணைக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? நாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அக்கா ஷரீபுன்னிசா அதைத்தான் சொன்னாள். அக்காவுக்குக் கண் நீர் அழுத்த நோய். வலது கண்ணில் பாதிப் பார்வை போன பிறகுதான் தெரிந்ததாம்.

"வாப்பாவுக்கும் இதுதாண்டி இருந்திருக்கும். வயசானா வர்றதுன்னு சும்மா இருந்துட்டோம். கூடப் பொறந்தவங்க எல்லாரும் காட்டியாவணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"ஊசி கோக்குற கண்ணு லாத்தா இது! வலியா, எரிச்சலா, ஒண்ணும் இல்லயே."

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு."

அக்காவின் வாயை அடைக்கவே மறுநாள் காலை அவளோடு காரைக்கால் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடதடவென்று படித்துவிட்டு, ஜெயித்தவளைப் போல் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். டாக்டரம்மா இன்னொரு அறைக்கு அனுப்பினார்.

அங்கே வெள்ளைக் கிண்ணம் போல ஒரு கருவி. ஒரு கண்ணை மறைத்து, முகத்தை அதற்குள் வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தையல் மிஷின் வேகத்தில் அழுத்தித் தள்ளினாள். "ஒண்ணுகூட உடல லாத்தா!" என்று வெளியே வந்து குதித்தாள்.

டாக்டரம்மா கருவி அச்சடித்த காகிதத்தை நீட்டினார். இடது கண் படத்தில், கீழ் ஓரமாக, கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு கறுப்பு.

"இங்க எட்டுத் தடவ வெளிச்சம் வந்துச்சும்மா. நீங்க அமுத்தல."

"எப்ப வந்துச்சு?"

"அதான் இந்த நோய். நடுப்பார்வைய உட்டுட்டு ஓரத்துலேருந்து தின்னும். போனது திரும்பாது. ஆனா ரொம்ப சீக்கிரமா வந்துட்டீங்க. தினம் சொட்டு மருந்து உட்டு, சொன்ன நாளுக்கு வந்து காட்டுனா மிச்சத்தக் காப்பாத்திடலாம்."

அக்காவுக்குக் கண் கலங்கியது. மெஹர் பானு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை போன கடைசிக் காலத்தில் வாப்பா சுவரைத் தடவித் தடவிக் கொல்லைக்குப் போனது நினைவுக்கு வந்தது. பிறகு கறுப்பைச் சுற்றியிருந்த வெள்ளையை விரலால் வட்டமிட்டுக் காட்டினாள். "மிச்சம் இவ்வளவு இருக்குல்ல லாத்தா! இவ்வளவும் என்னுதுல்ல!"

அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்தில் நின்றாள். குவைத்திலிருந்த தம்பி சேக் அலாவுதீனிடம், பூத்தே அதிர, "நாப்பது தாண்டிட்டல்ல? இந்த வாரமே கண்ணுல அழுத்தம் பாரு. நல்லாத்தான் தெரியுதுன்னு சொன்னியோ, வந்து ஒதப்பேன்!" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பூத்துக்காரர் தெட்சிணாமூர்த்தி ஐம்பதைக் கடந்தவர், தடித்த கண்ணாடி. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வூட்டுல யாருக்காச்சும் பார்வ போயிருக்கா?"

"எங்கம்மாவுக்குக் கடசில தெரியாமத்தான் போச்சு. ஏன் கேக்குறீங்க?"

மெஹர் பானு எதிரே இருந்த ஆஸ்பத்திரியைக் கையால் காட்டினாள். புர்காவை இழுத்துச் சரிசெய்துகொண்டு, எட்டி, அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள்.