சொந்த வீட்டுக்கு விருந்தாளிகள்

எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அதில் வேறொருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என் நிலைமை எப்படியிருந்தது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வீடு கிள்ளானில். நாங்கள் இருந்தது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் சிக்னல் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குவார்ட்டர்ஸுக்கு வாடகை கிடையாது. அந்த ஒன்றைத் தவிர அதைப் புகழ்ந்து சொல்ல எதுவும் கிடையாது. வரிசை முழுக்க ஒரே குழாய். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் "நூறு" சொல்வேன். அவ்வளவு நெருக்கம்.

இவருக்கு ஒரு பயம் இருந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால் கப்பல்தான். வேலையில்லாதவனைச் செலவில்லாமல் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருந்த காலம் அது. போய் இறங்கினால் அங்கே எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது, வா என்று கூப்பிட ஆளும் கிடையாது. பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை.

"நமக்குன்னு ஒரு கூரை இருந்தா, எவன் வேலையை விட்டு எடுத்தாலும் இங்கேயே கெடந்து பொழைச்சுக்கலாம்" என்பார்.

சொன்னதோடு நிற்கவில்லை. என் வளையல்கள் போயின, சேமிப்பு போனது, மீதிக்குக் கிள்ளானில் ஒரு செட்டியாரிடம் கடன் வாங்கினார். வீட்டின் கிராண்டு, அதாவது நிலப் பத்திரம், செட்டியாரின் இரும்புப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்து வருஷத் தவணை. இவர் மூன்றே வருஷத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று என்னிடம் சபதம் செய்தார். அதற்கு வழியும் வைத்திருந்தார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட வேண்டும், வாடகை அப்படியே செட்டியாருக்குப் போகும், சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதும் செட்டியாருக்கே போகும், நாங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருக்க வேண்டும்.

"அப்போ பால் காய்ச்சுறது?" என்று கேட்டேன்.

"கடன் தீர்ந்த மாசமே குடிபோயிடலாம். அன்னிக்குக் காய்ச்சு."

பலகை வீடுதான், தகரக் கூரைதான். ஆனால் பின்பக்கம் தனியாக ஓர் அடுப்படி, அதற்கு ஒரு கதவு, கதவைத் திறந்தால் நாலு தென்னை மரம். குழாயடியில் வாளி வைத்துச் சண்டை போட்டே தொண்டை கட்டிப்போன எனக்கு அந்த அடுப்படி போதும். அதற்காக எதையும் சகித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். எதையெல்லாம் சகிக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

சிக்கனம் என்பதை இவர் ஓர் உத்தியோகமாகவே பார்த்தார். வேலையில் நாள் முழுக்க விளக்குத் திரியைச் சீராகக் கத்தரிக்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் எங்கள் விளக்குத் திரியை இறக்குவார். நான் ஏற்றுவேன். அவர் இறக்குவார். அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கினால் கல்லை விட்டு அரிசியைத்தான் எறிய முடியும். காப்பித்தூளுக்கு எங்கள் வீட்டில் இரண்டு ஜென்மம். முதல் டிகாஷன் விருந்தாளிக்கு. விருந்தாளி போன பிறகு அதே தூளில் இன்னொரு தடவை வெந்நீர் ஊற்றி எங்களுக்கு. அதனால் வீட்டுக்கு யாராவது வரமாட்டார்களா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. விருந்தாளிக்குக் கொடுக்கிற சாக்கில் நானும் ஒரு வாய் நல்ல காப்பி குடிப்பேன்.

மீனுக்குப் பாசார் மூடுகிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். மீன்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தராசை எடுத்து வைத்துவிடுவார். "வாங்கக்கா, உங்களுக்காகத்தான் இது இன்னும் விக்காம கெடக்கு" என்பார். கேலி என்று தெரியும். ஆனால் விலை குறைந்தபிறகு கேலியைப் பார்த்தால் முடியுமா?

பிள்ளைகளுக்கு உடுப்பு தைக்கக் கோதுமை மாவுச் சாக்கு. துவைத்துத் துவைத்து வெளுத்தால் நல்ல துணி அது, உழைக்கும். ஆனால் சாக்கின் மேல் அச்சடித்திருந்த கப்பல் படம் மட்டும் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. நான் எப்படி வெட்டினாலும் அந்தக் கப்பல் என் மகனின் கால்சட்டையின் பின்புறத்தில்தான் வந்து நங்கூரம் போட்டது. எந்தக் கப்பலுக்குப் பயந்து இவ்வளவு பாடு படுகிறோமோ அதே கப்பலை இவன் உட்காருமிடத்தில் சுமந்துகொண்டு திரிகிறானே என்று இவரிடம் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு சாக்கு வாங்கிவந்தார்.

எங்களுக்கு இருந்த ஒரே உல்லாசம் மாதம் ஒருமுறை கிள்ளான் பயணம். ரயில்வே ஊழியர் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு; காசில்லாமல் போய் வரலாம். புளிச்சோறு கட்டிக்கொண்டு நால்வரும் வாடகை வாங்கப் போவோம். குடியிருந்தவர் ஒரு கித்தா வியாபாரியிடம் கணக்கெழுதும் கிராணி. ரப்பரைக் கித்தா என்றுதான் சொல்வோம். அவருடைய மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. கைக்குழந்தை ஒன்று, நடக்கிற குழந்தை ஒன்று.

"வாங்கக்கா, உக்காருங்க" என்பாள். என் வீட்டில், என் கூடத்தில், என்னை உட்காரச் சொல்வாள். நானும் விருந்தாளி மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவேன். கெட்டியான காப்பி கொடுப்பாள். அதைக் குடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்ப்பேன். சன்னலுக்குத் திரை போட்டிருந்தாள். அடுப்படிக் கதவோரம் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தாள். சுவரில் ஆணி அடித்திருந்தாள். மூன்று ஆணி. ஒவ்வொன்றும் என் நெஞ்சில் அடித்தது போலத்தான் இருந்தது.

அவள் நல்லவள், அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் வயிறெரிவதற்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும். திரும்பும்போது தென்னையில் விழுந்த தேங்காய்களைச் சாக்கில் கட்டி வைத்திருப்பாள். வீடு அவர்களுக்கு, தேங்காய் எங்களுக்கு என்பது பேச்சு. ரயிலில் அந்தச் சாக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுப்பை எந்த மூலைக்கு மாற்றுவது என்று நான் திட்டம் போடுவேன். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை பேச்சு அதுதான். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. பிறகு கித்தா விலை அடியோடு படுத்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். ரயிலில் சரக்கு குறைந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இரண்டு கதவுகளுக்குப் பூட்டு விழுந்தது. கடன் முடிவதற்குள் இவர் வேலைக்கு ஏதாவது ஆனால் வீடும் போய்விடும், போட்ட பணமும் போய்விடும். எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் இவர் வந்து, "இனிமே குடும்பத்துக்குப் பாஸ் இல்லையாம். எனக்கு மட்டும்தான். நான் போய் வாடகையை வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். ரயில்வேயும் சிக்கனத்தில் இறங்கிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளபடியே எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அந்தச் சன்னல் திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு இவருடைய கைப்பிடி இறுகியது. அதுவரை இருந்ததெல்லாம் விளையாட்டு என்று தோன்றும்படி இறுகியது. சைக்கிளை விற்றார், வேலைக்கு நடந்தே போனார். சுருட்டை விட்டார். சுருட்டை விட்ட மனிதர், பக்கத்து வீட்டுக்காரர் பற்றவைத்தால் மட்டும் எழுந்து போய்க் காற்று வீசுகிற பக்கமாகப் பார்த்து நின்று நலம் விசாரிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கட்டிக்கொடுத்த சோற்றில் பாதி போதும் என்றார். தேங்காயும் நின்றுபோனது. கேட்டால் அணில் என்றார். நாலு தென்னையையும் மொட்டையடிக்கிற அணில் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். கிள்ளானில் இருக்கிறது என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. வரிசையில் தனியாயிருந்த ரயில்வே ஆட்களுக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள் இடித்துக் கொடுத்தேன். அந்தக் காசையும் வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு எனக்குச் சேலை கிடையாது என்றபோது மட்டும் நான் வாய்விட்டுக் கத்தினேன்.

"உங்களை மாதிரி கஞ்சனை நான் பாத்ததே இல்லை. வாடகையும் வருது, சம்பளமும் வருது, எங்கதான் போகுது எல்லாம்?"

"செட்டியாருக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டு விளக்குத் திரியை இறக்கினார்.

சபதத்துக்குச் சில மாதம் தாமதம்தான், ஆனாலும் தவணைக்கு வெகு முன்னால் கடன் தீர்ந்தது. கடைசிப் பணத்தைக் கட்டுகிற அன்று அதை என் மடியில் முடிந்துகொண்டு நானும் இவரோடு செட்டியார் கடைக்குப் போனேன். பாஸ் இல்லை என்று சொன்னதால் டிக்கெட் எடுத்தே போனேன். பாயில் உட்கார்ந்திருந்த செட்டியாருக்கு முகம் வாடிவிட்டது. நல்ல வட்டி கொடுத்துக்கொண்டிருந்த ஆள் கையைவிட்டுப் போகிறாரே என்ற வருத்தம்.

"என்ன அப்படி அவசரம்? மெதுவாக் கட்டலாமே" என்றார்.

"இல்லீங்கய்யா, அவசரம்தான்" என்றேன் நான்.  இவர் கிராண்டை வாங்கி என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே அழுதேன். படிக்கத் தெரியாத எழுத்து, ஆனாலும் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றதற்கு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பயந்தது மூன்றாவது வாரமே வந்தது. சிக்னல் பிரிவில் ஆட்குறைப்பு. பட்டியலில் இவர் பெயர். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கப்பல் வேண்டுமானால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. வரிசையில் எல்லார் வீட்டிலும் அழுகை; நான் மட்டும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேலை போனதற்கு வருத்தம் இல்லாமலா? இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக அந்த அடுப்படி இருந்தது.

"கிராணி வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் சாமான் வந்தது. நான் வண்டிக்கு முன்னால் நடந்தேன், கையில் புதுப் பானை, செம்பில் பால். வாசலில் அவள் நின்றிருந்தாள். சன்னல் திரை இல்லை. கூடத்தில் கயிறு கட்டிய பெட்டிகள். தரை கழுவி ஈரமாக இருந்தது. அவள் பாதியாக இளைத்திருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையின் கால்கள் குச்சியாகத் தொங்கின.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நீங்க வர்றதுக்குள்ள போயிடலாம்னு பாத்தோம். கப்பலுக்கு இன்னும் நாள் சொல்லலை. கோயில் மண்டபத்துல எடம் கேட்டுட்டு வர அவரு போயிருக்காரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கப்பலா? உங்க வீட்டுக்காரருக்கு வேலை?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது போய்ப் பத்து மாசமாச்சேக்கா. அண்ணன் சொல்லலையா? அதுலேருந்து வாடகையே வாங்கலை. தேங்காயையும் வித்துச் சாப்பிடுங்கன்னுட்டாரு. நீங்கதான் அப்படிச் சொல்லி அனுப்பினதாச் சொன்னாரு."

நான் பானையைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் போனேன். இவர் கட்டிலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து முடிச்சையே பார்த்தார்.

"பாஸ் இல்லைன்னது?"

"பொய்."

"என் சேலை, உங்க சைக்கிள், அரைவயித்துச் சோறு, எல்லாம் அவங்க வாடகைக்கா?"

"செட்டியாருக்கு மாசம் தவறாமக் கட்டணுமில்ல?"

 வந்தது கோபமா வேறு எதுவா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன ராட்சசியா?"

இவர் நிமிர்ந்தார். "சொன்னா நீ காலி பண்ணச் சொல்லுவே" என்றார். பிறகு அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நீ சொல்லியிருந்தா நானும் பண்ணச் சொல்லியிருப்பேன். எனக்கும் பயந்தானே" என்றார்.

வண்டிக்காரர் கூலிக்காகக் காத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரையே பார்த்தேன். காலில் செருப்பு தேய்ந்து குதிகால் தரையில் பட்டது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

உள்ளே போனேன். அவள் கடைசிப் பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதை அவுத்துடு" என்றேன். "பின்னறை உங்களுக்கு. கப்பல் வர்ற அன்னிக்குக் கட்டிக்கலாம்."

அவள் நகரவில்லை. நானே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன்.